மங்கியது கண்ணா, விளக்கா?

"இருட்டினால் ரோடு தெரியவில்லையடா. கண் மங்கிவிட்டது" என்று சொல்லி, இளமை முதல் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளை அப்பா என்னிடம் ஒப்படைத்துவிட்டார். அன்று முதல் பொழுது சாய்ந்தால் அவர் வெளியே கிளம்புவதே இல்லை.

ஒருநாள் இரவு நான் ஓட்டினேன். எனக்கும் ரோடு தெரியவில்லை! எனக்கோ வயது பத்தொன்பதுதான்.

பல்பை மாற்றினேன், பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினேன். மங்கல் போகவில்லை. தேர்வில் ஓம் விதியை எழுதி மதிப்பெண் வாங்கிய எனக்கு, அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 6 வோல்ட் வண்டியில் 35 வாட் விளக்கு ஏறக்குறைய 6 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். வழியில் 0.2 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் அங்கே வீணாகும். வெளிச்சம் பாதியாகக் குறையும்.

விளக்கை எரியவிட்டு, வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மறுமுனையைப் பல்பின் உலோக உறையிலும் வைத்தேன். சுழியருகே நிற்க வேண்டிய முள் 1-ஐத் தொட்டது. எர்த் வயர் வண்டிச் சட்டத்தோடு சேரும் திருகின் அடியில் ஒரே துரு! உப்புத்தாளால் தேய்த்து, திருகை இறுக்கினேன்.

அன்றிரவு அப்பா ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தேன். ஊர் எல்லை வரை அவர் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "புளியமரமெல்லாம் தெரிகிறதடா!"

நண்பர்களே, குறை நம்மிடந்தான் என்று ஒடுங்கிப்போகுமுன், எர்த் வயரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.