மாத்திரையில் மருந்தல்லாத பங்கு

பி.ஃபார்ம். முதலாண்டில் சேர்ந்தவர்களிடம் என்ன ஆசை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: புதிய மருந்து கண்டுபிடிக்க வேண்டும். நல்ல ஆசை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகடா சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசீன் வரை கொண்டுவந்த கதையை நானே வகுப்பில் சொல்கிறேன். ஆனால் அதே பிள்ளைகளை பார்மசூட்டிக்ஸ் ஆய்வகத்துக்கு அழைத்துப் போய் ஸ்டார்ச் பேஸ்ட் காய்ச்சச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. "கஞ்சி காய்ச்சவா சார் இந்தப் படிப்புக்கு வந்தோம்?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். ஃபார்முலேஷன் பிரிவில் பல காலம் மாத்திரை செய்துவிட்டுக் கற்பிக்க வந்தவன் நான். அந்தக் கஞ்சியின் பக்கம் நின்று கொஞ்சம் பேச வேண்டும்.

தைராக்சின் மாத்திரை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் 50 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கும். மாத்திரையின் எடை 100 மில்லிகிராம் என்றால், 2000 பங்கில் ஒரு பங்குதான் மருந்து. மீதி 1999 பங்கும் லாக்டோஸ், ஸ்டார்ச், செல்லுலோஸ் போன்ற துணைப்பொருள்கள். அந்த ஒரு பங்கை ஒரு லட்சம் மாத்திரைகளிலும் ஏற்றத்தாழ்வு இல்லாமல் பரப்ப வேண்டும். மொத்தமாகக் கொட்டிக் கலக்கினால் பரவாது. மருந்தைத் தன் அளவே உள்ள லாக்டோசுடன் முதலில் கலந்து, அந்தக் கலவை எவ்வளவோ அவ்வளவு லாக்டோஸ் மறுபடி சேர்த்து, இப்படி இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும். பார்க்க எளிய வேலை. சரியாக நடக்காவிட்டால் ஒரு மாத்திரையில் மருந்து அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் போய்விடும். வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு அது தெரிய வழியே இல்லை.

பாராசிட்டமால் வேறு விதம். இங்கே மருந்துதான் அதிகம், துணைப்பொருள் கொஞ்சம். ஆனால் இது பிடிவாதமான பொடி. அப்படியே அழுத்தினால் மாத்திரையின் மேல்பகுதி தொப்பி மாதிரி தனியாகக் கழன்றுவிடும். இதைத்தான் கேப்பிங் என்கிறோம். ஆகவே பொடியைக் குருணையாக்கித்தான் அழுத்த வேண்டும். ஸ்டார்ச்சை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு சூட்டில் கிளறினால், வெள்ளையாக இருந்தது ஒரு கட்டத்தில் கண்ணாடிபோலத் தெளிந்து கெட்டிப்படும். அதைப் பொடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைய வேண்டும். எதுவரை? ரெக்கார்டு நோட்டில் பேஸ்டின் அளவுக்கு நேராக 'தேவையான அளவு' என்றுதான் எழுதுவோம். புட்டுக்கு மாவு விரவும் பதம்தான் கணக்கு: கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். பேஸ்ட் குறைந்தால் குருணையைவிடத் தூள் மிஞ்சும், பழையபடி கேப்பிங் வரும். கூடினால் மாவு சல்லடையில் அப்பிக்கொள்ளும். எப்படியோ தேய்த்து எடுத்தாலும் குருணை கல்லாக இறுகும், அந்த மாத்திரை வயிற்றில் கரைய மறுக்கும்.

மழைக்காலத்துப் பதம் வேறு, மே மாதத்துப் பதம் வேறு, ஏனென்றால் ஸ்டார்ச் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். உலர்த்தும்போதும் அப்படித்தான். ஈரம் அதிகம் தங்கினால் மாத்திரையை அழுத்தும் பஞ்ச்சில் (punch) ஒட்டும், முற்றிலும் வற்றினாலோ மாத்திரை பிளக்கும். ஆலைகளில் இதற்கெல்லாம் இன்று கருவி உண்டு. மிக்சரின் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை வைத்தே பதத்தைச் சொல்லிவிடலாம். இருந்தாலும் கையால் ஒருமுறை பிடித்துப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கருவி காட்டும் கோடு ஏன் திடீரென்று ஏறுகிறது என்று புரியும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

கடைசியாகச் சேர்ப்பது மெக்னீசியம் ஸ்டியரேட். குருணை அச்சுக்குழியான டையில் (die) ஒட்டாமல் வழுக்கி வருவதற்கான வழவழப்பான வெள்ளைத் தூள் அது, மொத்த எடையில் பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். சில நிமிடம் மட்டும் கலந்து நிறுத்திவிட வேண்டும். நன்றாகக் கலக்கட்டுமே என்று மிக்சரை ஓடவிட்டால், தண்ணீரை அண்டவிடாத அந்தத் தூள் ஒவ்வொரு குருணை மீதும் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். மாத்திரை பார்க்க அழகாக இருக்கும். எடை சரி, மருந்தின் அளவும் சரி. கரைவது மட்டும் மந்தமாகிவிடும்.

அதைக் காட்டிக்கொடுப்பது டிசல்யூஷன் கருவி. 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஆறு கண்ணாடிப் பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் 900 மில்லி திரவம், அடியிலிருந்து 25 மில்லிமீட்டர் உயரத்தில் நிமிடத்துக்கு 50 சுற்று சுழலும் துடுப்பு. மாத்திரையைப் போட்டு, குறித்த நேரங்களில் கொஞ்சம் திரவம் எடுத்து, எடுத்த அளவு புதுத்திரவத்தை ஊற்றி, வடிகட்டி, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் அளக்க வேண்டும். திரவத்தில் காற்று இருந்தால் மாத்திரையில் குமிழ் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். அதனால் முதலில் காற்றை நீக்கியாக வேண்டும். மாணவர்கள் அலுத்துக்கொள்ளும் சோதனை இது. எனக்கோ நான்கு வருடப் படிப்பில் இதைவிட முக்கியமான சோதனை இல்லை. மாத்திரையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்பதை மற்ற சோதனைகள் சொல்லும். அது வெளியே வருமா என்பதை இதுதான் சொல்லும்.

துணைப்பொருளை ஒப்புக்குச் சேர்ப்பது என்று நினைப்பவர்களுக்கு ஃபெனிடாயின் கதையைச் சொல்வேன். 1968-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், வலிப்பு நோய்க்கு ஃபெனிடாயின் கேப்சூல் சாப்பிட்டு வந்தவர்கள் பலருக்குத் திடீரென்று தள்ளாட்டமும் பார்வைக் குழப்பமும் வந்தன. அதே மருந்து, அதே அளவு. விசாரித்ததில், கேப்சூலை நிரப்பக் கலந்துவந்த கால்சியம் சல்ஃபேட்டுக்குப் பதிலாகத் தயாரிப்பாளர் லாக்டோஸ் சேர்த்திருந்தது தெரியவந்தது. லாக்டோஸ் சேர்ந்ததும் மருந்து உடலில் அதிகம் ஏறிவிட்டது. ஃபெனிடாயின் விஷயத்தில் இது சிறிய பிசகு அல்ல. ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரைதான் பாதுகாப்பான எல்லை. கல்லீரல் அதைச் சிதைக்கும் வேகத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பை நெருங்கிய பிறகு கொஞ்சம் கூடினாலும் ரத்தத்தில் அளவு தாவி ஏறும். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை மாற்றி வைத்ததில் வந்த வினை இது.

1998-ல் எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனவிர் இன்னொரு பாடம் நடத்தியது. மூலக்கூறு மாறவில்லை. அதன் படிக அமைப்பு மட்டும் யாரும் எதிர்பாராமல் வேறாகி, கரையும் தன்மை குறைந்தது. கேப்சூலைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டு வேறு வடிவில் கொண்டுவர வேண்டியதாயிற்று. பத்துப் பதினைந்து ஆண்டு பாடுபட்டு ஒரு மருந்தைக் கண்டுபிடித்த பிறகும் அது நோயாளியைச் சென்று சேர்வது ஃபார்முலேஷன் மேசையில்தான் முடிவாகிறது.

எல்லாவற்றையும்விடக் கனமான கதை சிரப்பில் இருக்கிறது. 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு மருந்தைக் குடிக்கும் வடிவில் தர நினைத்து, டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். மருந்தில் கோளாறு இல்லை, கரைத்த திரவம்தான் நஞ்சு. சிறுநீரகம் செயலிழந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். விற்பதற்கு முன் நச்சுத்தன்மையைச் சோதிக்க வேண்டும் என்று அன்று சட்டமே இல்லை. 1938-ல்தான் வந்தது. பாடம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 1972-ல் சென்னையில் குழந்தைகள் இதே நஞ்சுக்குப் பலியானார்கள். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்படக் கிளிசரினால் 14 பேர். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபதுக்கும் மேல். அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. கிளிசரினில் அனுமதிக்கும் வரம்பு 0.1 சதவீதம்.

கிளிசரின், டைஎத்திலீன் கிளைக்கால் இரண்டும் நிறமற்றவை, இரண்டும் கெட்டியானவை, இனிப்பவை. பார்வைக்கோ நாக்குக்கோ வித்தியாசம் தெரியாது, சோதனைக்குத் தெரியும். கேஸ் குரோமட்டோகிராஃபி தெளிவாகப் பிரித்துக் காட்டிவிடும். 1972 முதல் நேர்ந்த இந்தச் சாவுகள் சோதனை முறை இல்லாததால் நேரவில்லை. அந்தச் சோதனையைச் செய்யாமல் டிரம்மை உள்ளே விட்டதால்தான் நேர்ந்தன. சிரப் பாடத்தை ஐந்து மதிப்பெண் கேள்வியாக நடத்த இனி எனக்கு மனம் வராது.

இந்த வருடம் படிப்பை முடித்து, தர ஆய்வுக்கோ உற்பத்திக்கோ போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், சார்பிட்டால் என்று எந்த டிரம் வந்தாலும், சப்ளையர் தரும் சான்றிதழ் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் மாதிரி எடுத்துச் சோதித்துப் பாருங்கள். முடிவு வரும் முன்னால், யார் அவசரப்படுத்தினாலும், உங்கள் கையெழுத்தைப் போடாதீர்கள்.