எந்தக் கோரை?

மெல்போர்னில் அக்கா வீட்டுக் கொல்லையில் மழைத் தண்ணீர் வடிகிற பள்ளம் ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் இடுப்பளவு உயரத்துக்கு மூன்று புதர்கள். அத்திம்பேரின் உள்ளங்கையை அவற்றின் தாள் அறுத்துவிட்டது. "கிராமத்திலே வளர்ந்தவனாச்சே, நீ பாரேன்டா" என்றாள் அக்கா.

பார்த்தேன். தண்டை விரல்களுக்கிடையே உருட்டினேன், உருளவில்லை. மூன்று பட்டை. உள்ளே கெட்டி, புல்லுக்கு உள்ள கணு கிடையாது. கோரை! தஞ்சாவூர்க்காரனுக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? வயலில் கோரையைக் கண்டால் செய்வதைச் செய்தேன். இரண்டு புதர்கள் வேரோடு வந்தன. மூன்றாவதில் மண்வெட்டியை வைத்தபோது, வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அம்மாள் கூவினாள். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை.

"ஸெட்ஜ்தானே?" என்றேன், பெருமையாக.

"ஆமாம். ஆனால் எந்த ஸெட்ஜ்?"

எனக்கு வாயடைத்துவிட்டது. அந்த நாட்டில் கோரை நூற்றுக்கணக்கான ஜாதியாம்.

தெருக்கோடிச் சாக்கடையிலிருந்து ஒரு தண்டு பறித்து வந்தாள். அதுவும் மூன்று பட்டைதான். உச்சியில் குடைக்கம்பி மாதிரி நீளமான இலைகள் விரிந்திருந்தன; நடுவே பச்சையாகத் தட்டைக் கதிர்கள் கொத்துக் கொத்தாக. அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய களை அது. நான் பிடுங்கியதிலோ குடையே இல்லை. நீண்டு ஒடுங்கிய பழுப்புக் கதிர். அதன் குட்டைக் கிளைகள் தண்டோடு ஒட்டிக் கிடந்தன. இலை விளிம்பில் விரலை ஓட்டச் சொன்னாள். அரம்! அத்திம்பேரின் கை நினைவுக்கு வந்தது. பிறகு பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். ஒவ்வொரு விதையும் மூக்கு வைத்த சின்னப் பைக்குள் உட்கார்ந்திருந்தது.

"கேரெக்ஸ் அப்ரெஸ்ஸா" என்றாள். ராபர்ட் பிரௌன் 1810-இல் வைத்த பெயர். அப்ரெஸ்ஸா என்றால் ஒட்டி அழுந்தியது. அந்த மண்ணின் சொந்தக் கோரை. தெருவில் ஓடும் மழைத் தண்ணீரை வடிகட்டுவதற்காக இதைத் தேடிப் பிடித்து நடுகிறார்கள். தண்ணீரிலுள்ள நைட்ரஜனை வேர் நன்றாக உறிஞ்சுமாம். அக்கா வீட்டுப் பள்ளத்திலும் முன்பு குடியிருந்தவர் அதற்காகவே நட்டாராம். வேலிக்கு அப்பாலிருந்து அதைப் பார்த்தவள் இந்த அம்மாள்தான்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு புதர்களின் தாளையும் பாதியாகக் கத்தரித்து, அதே குழிகளில் வைத்து மிதித்தோம். ஊர் திரும்பும்வரை தினமும் காலையில் நானே தண்ணீர் ஊற்றினேன். போன வாரம் அக்கா போனில் பேசினாள். ஒன்று காய்ந்துவிட்டது. மற்றதில் நடுக்குருத்து பச்சை விட்டிருக்கிறதாம். அத்திம்பேர் கையுறை வாங்கியிருக்கிறார்.