லாலி என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

'லாலி' என்று சொன்னால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு ஊஞ்சல்தான். கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஊஞ்சலில் உட்காரவைத்து வீட்டுப் பெரிய மனுஷிகள் சுருதி சேராமல் பாடுவார்களே, அந்த லாலி. ஆனால் எங்கள் புதுச்சேரி வரலாற்றில் இன்னொரு லாலி இருக்கிறார். அவருக்கும் ஊஞ்சலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் காலத்தில்தான் எங்கள் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்து தரைமட்டமானது.

பள்ளிக்கூடத்தில் அவர் ஒரு இரண்டு மார்க் கேள்வி. 'கவுண்ட் டி லாலி, பிரெஞ்சுத் தளபதி, வந்தவாசிப் போர், 1760.' எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். போன லீவில் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் வேறு எதையோ தேடப் போய் இவரைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அப்போதுதான் தெரிந்தது, லாலி என்பது பிரெஞ்சுப் பெயரே இல்லை. அது ஒரு அயர்லாந்துப் பெயர்!

அயர்லாந்தின் மேற்கே கால்வே என்று ஒரு மாவட்டம். அங்கே லாக்ரே என்ற ஊர்ப் பக்கத்தில் ஓ'மல்லாலி என்றொரு குலம் இருந்தது. ஐரிஷ் மொழியில் 'ஓ' என்றால் பேரன், வழிவந்தவன் என்று அர்த்தம். அந்த 'ஓ'வும் 'மல்'லும் காலப்போக்கில் உதிர்ந்து, மிச்சம் நின்றது லாலி. நார்மன்கள் அயர்லாந்துக்குள் வந்த பிறகு, 13ஆம் நூற்றாண்டில் பர்க் என்ற நார்மன் குடும்பம் இவர்களைச் சொந்த நிலத்தை விட்டு விரட்டியது. வடக்கே டுவாம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு குன்றில் போய்க் குடியேறினார்கள். அந்த இடத்தின் பெயர் டுல்லினடாலா. 'கூட்டம் கூடும் குன்று' என்று பொருள்.

இந்தக் குன்றின் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

1691 அக்டோபரில் லிமெரிக் நகரில் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸுக்காகப் போரிட்டுத் தோற்ற ஐரிஷ் வீரர்கள், விரும்பினால் பிரான்சுக்குப் போகலாம் என்று அதில் ஒரு ஷரத்து. ஏறக்குறைய 14,000 வீரர்கள் கப்பல் ஏறினார்கள். அவர்களோடு பெண்களும் குழந்தைகளும். வரலாற்றில் இவர்களுக்குக் 'காட்டு வாத்துகள்' என்று பெயர். பறந்து போனவர்கள், திரும்பி வராதவர்கள். அப்படிப் பிரான்சுக்குப் போனவர்களில் ஒருவர் ஜெரார்ட் லாலி. பிரெஞ்சுப் படையில் இருந்த ஐரிஷ் ரெஜிமெண்டில் அதிகாரியாக இருந்தார், பிரெஞ்சுப் பெண்ணை மணந்தார். 1702இல் தெற்குப் பிரான்சின் ரோமான் என்ற ஊரில் பிறந்த மகன்தான் நம்ம கதாநாயகர், தோமா ஆர்தர் லாலி.

பையனும் பட்டாளம்தான். 1745இல் ஃபோன்தெனுவா போரில் ஆங்கிலேயரைத் தோற்கடித்ததில் ஐரிஷ் படைக்குப் பெரிய பங்கு. அந்தப் போர்க்களத்திலேயே பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயி இவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார். இவர் தன் பெயரை லாலி-டொலாந்தால் என்று எழுதினார். டொலாந்தால் என்ன என்று பார்த்தால், அந்த டுல்லினடாலா குன்றுதான்! பிரெஞ்சு வாயில் விழுந்து டொலாந்தால் ஆகிவிட்டது. புதுச்சேரியைப் பொந்திஷேரி ஆக்கிய அதே வாய்தானே :-) எங்களுக்காவது 2006இல் ஊர்ப்பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது. அவர்களுக்கு அந்தக் குன்று பெயரில் மட்டுமே மிஞ்சியது.

1758 ஏப்ரல் மாதக் கடைசியில் லாலி புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். கூடவே அவர் பெயரிலேயே இருந்த ஐரிஷ் ரெஜிமெண்டும் வந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இவர் காலம்வரை நீள்கிறது. வந்த வேகத்தில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை ஜூன் மாதமே பிடித்தார். அதன் பிறகு எல்லாமே இறங்குமுகம். கையில் காசு இல்லை. தஞ்சாவூர் அரசரிடம் பணம் கறக்கலாம் என்று படையோடு கிளம்பினார். வண்டி இழுக்க, மூட்டை சுமக்க ஊர்க்காரர்களைச் சாதி, வயது பார்க்காமல் பிடித்து இழுத்தார்கள். போகும் வழியில் கீழ்வேளூர்க் கோயிலைச் சூறையாடினார்கள். கோயில் பிராமணர்கள் ஆறு பேரை உளவாளிகள் என்று சொல்லி பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தஞ்சாவூரில் ஒன்றும் கிடைக்காமல் திரும்பினார். அந்த டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டு, 1759 பிப்ரவரியில் அதையும் விட்டுவிட்டு வந்தார்.

1760 ஜனவரி 22. வந்தவாசி. எதிரே ஆங்கிலப் படைக்குத் தலைவர் அயர் கூட். அவர் எங்கே பிறந்தவர் தெரியுமா? அயர்லாந்து, லிமெரிக் மாவட்டம்! லாலியின் அப்பா எந்த ஒப்பந்தத்தால் நாட்டை விட்டுப் போனாரோ, அதே லிமெரிக். ஆனால் கூட் என்பது ஐரிஷ் பெயர் இல்லை. இங்கிலாந்திலிருந்து 1600 வாக்கில் அங்கே போய் நிலம் பிடித்துக் குடியேறிய குடும்பம். ஆக, வெளியேற்றப்பட்ட குடும்பத்தின் வாரிசும் குடியேறிய குடும்பத்தின் வாரிசும் சண்டை போட்டுக்கொண்டது எங்கே? நம்ம திருவண்ணாமலைப் பக்கத்து வந்தவாசியில். இரண்டு மார்க் கேள்வியில் இதெல்லாம் வரவே இல்லை.

கூட் ஜெயித்தார். பிறகு புதுச்சேரி முற்றுகை. உணவு தீர ஆரம்பித்ததும் 1760 நவம்பரில் லாலி ஒரு காரியம் செய்தார். கோட்டைக்குள் மிச்சமிருந்த உள்ளூர் ஜனங்கள் சுமார் 1400 பேரை, ஆண் பெண் குழந்தை என்று பார்க்காமல், வெளியே துரத்தினார். ஆங்கிலப் படை அவர்களைத் தாண்டிப் போக விடவில்லை. திரும்பி வந்தால் கோட்டையிலிருந்து சுட்டார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவில் பல நாள் புல்லையும் வேரையும் தின்றுகொண்டு கிடந்தார்கள். பிறகுதான் கூட் வழிவிட்டார். 1761 ஜனவரியில் பட்டினியால் கோட்டை பணிந்தது. ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தள்ளினார்கள். அதே ஜனவரியில்தான் ஆனந்தரங்கப் பிள்ளையும் கண்ணை மூடினார். இன்று நாம் போட்டோ எடுத்துக்கொள்ளும் 'பிரெஞ்சு டவுன்' முழுக்க 1765க்குப் பிறகு திரும்பக் கட்டியது.

லாலியைக் கைதியாக லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். பிரான்சில் தன்னைத் துரோகி என்று பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதில் சொல்கிறேன் என்று அவராகவே அனுமதி வாங்கிக்கொண்டு பாரிசுக்குப் போனார். பாஸ்டில் சிறையில் போட்டார்கள். 1766 மே 9 அன்று, பேசவிடாமல் வாயைக் கட்டி, தலையை வெட்டினார்கள்.

இனிமேல்தான் என்னைத் தூங்கவிடாத பகுதி. லாலிக்கு ஒரு மகன் இருந்தான், 15 வயது. முறையான திருமணத்தில் பிறந்தவன் இல்லை. தன் அப்பா யார் என்பதே அவனுக்கு அந்த மரண தண்டனை நாளில்தான் தெரிந்தது. யோசித்துப் பாருங்கள். குடும்பப்பெயர் கிடைக்கிற அதே நாளில் அது துரோகியின் பெயர் என்றும் கிடைக்கிறது. வேண்டாம் என்று ஒதுங்கியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் அதை எடுத்துக்கொண்டான். அதைச் சுத்தம் செய்வதையே வாழ்க்கை வேலையாக வைத்துக்கொண்டான். எழுத்தாளர் வோல்தேர் துணைக்கு வந்தார். 1778 மே மாதம் அரசரின் ஆலோசனை சபை பழைய தீர்ப்பை ரத்து செய்தது. மரணப்படுக்கையில் இருந்த வோல்தேர் அந்தச் செய்தி கேட்டு மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாலு நாளில் இறந்துபோனார். ஆனால் வழக்கு வேறு நீதிமன்றங்களுக்குப் போனது. லாலி முழுக்க நிரபராதி என்று எந்த நீதிபதியும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பாரிஸ் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இவர் அரசருக்குத் துரோகம் செய்தாரா? செய்யவில்லை என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கீழ்வேளூர்க்காரர்களும் கோட்டைக்கு வெளியே நின்ற அந்த 1400 பேரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி வேறு. அதற்கு வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அந்த 1400 பேரில் ஒருவர் பெயர்கூட எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு பெயரைக் காப்பாற்ற 12 வருஷம் உழைக்க ஒரு மகனும் ஒரு வோல்தேரும் கிடைத்தார்கள். இவர்களுக்கு யாரும் இல்லை.

சரி, ஒரு புதுச்சேரிப் பையனுக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கலாம். எங்கள் ஊரில் குடும்பப்பெயர் என்பது விளையாட்டான விஷயம் இல்லை. 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பவர்கள் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யலாம். இதற்கு முன்னால் நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லபோர்த் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். லபோர்த் என்றால் பிரெஞ்சில் வாசற்கதவு. எங்கள் பாட்டியின் சித்தப்பா வீட்டில் அந்தக் காலத்தில் எழுதிக்கொடுத்தார்கள், பாட்டியின் அப்பா எழுதிக்கொடுக்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் அதனால் பேச்சுவார்த்தையே நின்றுபோனதாம். இன்று அந்தக் கிளை 'சொல்தா' குடும்பம், பேரப்பிள்ளைகள் எல்லாம் பாரிசில். இந்தக் கிளை இனிஷியலோடு இங்கேயே.

இப்போது எங்கள் வீட்டிலும் அந்தப் பிரச்சினை வந்திருக்கிறது. அக்காவுக்கு பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். குடும்பப்பெயர் கட்டத்தில் என்ன எழுதுவது? காலியாக விடலாம். ஆனால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்ததும் நம்ம ஆட்கள் பட்டபாடு எல்லோருக்கும் தெரியும். அக்கா, "அப்பா பேரையே போட்டுடறேன்" என்றாள். அப்பாவுக்கு ஒரே கூச்சம். "நான் என்னம்மா பெருசா பண்ணிட்டேன், என் பேரு பரம்பரைக்கே போறதுக்கு?" என்றார்.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். 'ஓ' என்றால் பேரன். அப்படியென்றால் எப்போதோ கால்வே பக்கம் அந்தப் பெயரில் யாரோ ஒரு தாத்தா இருந்திருக்கிறார். அதுவும் முதலில் நம்ம இனிஷியல் மாதிரி ஒரு அடையாளம்தான். நம் இனிஷியல் தலைமுறைக்கு ஒருமுறை மாறுகிறது. அவருடையது அப்படியே உறைந்துபோய், குன்று தாண்டி, கடல் தாண்டி, வந்தவாசிவரை வந்திருக்கிறது. லாலியின் மகன் 1830இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கால்வேயில் லாலிகள் இன்றும் இருக்கிறார்கள். அந்த முதல் தாத்தாவும் எங்கள் அப்பா மாதிரி, நான் என்ன பெருசா பண்ணிட்டேன் என்று கேட்கிற ஆளாக இருந்திருக்கலாம்.

அக்கா அப்பா பெயரையே எழுதிவிட்டாள். உங்கள் வீட்டில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதினீர்கள்? சொல்லுங்கள்.