மூக்குக்கு ஒரு மரம்

கிறிஸ்துமஸ் மரம் வாங்குவது முருங்கைக்காய் வாங்குவது மாதிரிதான். வளைத்துப் பார்க்க வேண்டும், கிளையை உள்ளங்கையில் உருவிப் பார்க்க வேண்டும். ஊசி இலைகள் கையோடு வந்தால் அடுத்த மரத்துக்கு நகரலாம். விற்கிறவர் முகத்தை மட்டும் பார்க்கக் கூடாது.

நம் ஊரில் இந்த வம்பே இல்லை. சவுக்குக் கிளையைத் தொட்டியில் நட்டு, பஞ்சு ஒட்டினால் தீர்ந்தது. வாசனைக்கு கேக்கும் பிரியாணியும் பொறுப்பு. அமெரிக்காவில் மரமே மணக்க வேண்டும். அதற்கென்றே பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். முதல் பண்ணை என்று சொல்லப்படுவது நியூ ஜெர்ஸியில், ட்ரென்டன் அருகே; 1901-ல் ஒருவர் 25,000 நார்வே ஸ்ப்ரூஸ் நட்டிருக்கிறார். ஆறேழு அடி வளர ஏழிலிருந்து பத்து வருஷம். மூன்று வாரம் வீட்டில் வைப்பதற்காக! (கொஞ்சம் உறுத்துகிறது இல்லையா?)

2022 டிசம்பரில் மகள் வீட்டில், அதே நியூ ஜெர்ஸியில் இருந்தேன். எதிர்வீட்டில் பாளையங்கோட்டைத் தம்பதி. இருபது வருஷமாக பிளாஸ்டிக் மரம்தான். அந்த வருஷம் அந்த அம்மாள் நிஜ மரம் கேட்டார். காரணம், 2021-ல் கொரோனா வந்து போனபோது மூக்கின் வாசனையையும் எடுத்துப் போய்விட்டது. ரசம் தாளிப்பதும் தெரியாது, கருகுவதும் தெரியாது. டாக்டர் சொன்னபடி ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நாலு புட்டிகளை தினம் இரண்டு வேளை முகர்ந்துகொண்டிருந்தார். ஒரு வருஷத்தில் கிராம்பு மட்டும் எங்கோ தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கிறதாம்.

"அண்ணாச்சி, நீங்களும் வாங்க. உங்க மூக்கு நல்லாத்தானே இருக்கு?" என்றார். போனேன்.

பண்ணையில் நல்ல குளிர். நண்பர் நேராக ஃப்ரேஸர் ஃபர்ரிடம் போனார். ஊசி உதிராது, கிளை உறுதி, பெருக்குகிற வேலை குறைவு. ஆனால் மணம் அடக்கம். வடக்கேயிருந்து வெட்டிக் கொண்டுவந்து சாய்த்து வைத்திருந்த பால்ஸம் ஃபர்தான் வாசனைக்குப் பேர்போனது. கார்டுகளில் வரைகிற கிறிஸ்துமஸுக்கு மணம் இருந்தால் அதுதான். பைனீன், பார்னைல் அசிடேட் என்று சமாசாரங்கள். பைனீன் டர்பன்டைனிலும் உண்டு. எனக்குக் கதவுக்கு வார்னிஷ் அடித்த ஞாபகம் வந்தது. ஒயிட் ஸ்ப்ரூஸ் என்று ஒன்று உண்டு. பார்க்க அழகு. கசக்கினால் பூனை வந்து போன நாற்றம். வேண்டாம்.

பால்ஸம் ஊசிகளைக் கசக்கி அந்த அம்மாளிடம் கொடுத்தோம். உதட்டைப் பிதுக்கினார். நண்பர் பேசவில்லை.

கடைசி வரிசையில் கான்கலர் ஃபர். நீளமான, சாம்பல் நீல ஊசிகள். கசக்கி முகர்ந்தவர் அப்படியே நின்றார்.

"ஏதோ தோலு..."

"என்ன தோலு?"

"ஆரஞ்சுத் தோலு. இல்ல, எனக்காத் தோணுதா?"

உண்மையிலேயே கான்கலருக்கு ஆரஞ்சு வாசனைதான். நண்பர் இன்ஜினீயர், நம்பவில்லை. கண்ணை மூடச் சொல்லி, ஃப்ரேஸரையும் கான்கலரையும் மாற்றி மாற்றி நீட்டினார். ஐந்து தடவையில் நாலு சரி. "சான்ஸாக்கூட இருக்கலாம்" என்றார் என்னிடம், குரல் சரியில்லாமல். உடனே ரம்பம் வாங்கப் போய்விட்டார்.

வெட்டிய சில மணி நேரத்துக்குள் தண்ணீரில் நிறுத்திவிட வேண்டும். விட்டால் பிசின் அடியை அடைத்துவிடும், மறுபடி ஒரு அங்குலம் அறுக்கணும். ஹீட்டர் பக்கத்தில் வைக்கக் கூடாது.

மறுநாள் ராத்திரி நண்பர் போன் செய்தார்.

"நாலு லிட்டர் தண்ணி குடிச்சிருச்சு அண்ணாச்சி. இவ காலையிலேர்ந்து கிள்ளிக் கிள்ளி மோந்துக்கிட்டிருக்கா. ஒரு பக்கம் மொட்டையாயிருச்சு. செவுத்துப் பக்கமாத் திருப்பி வெச்சிருக்கேன்."