பெயரும் விமானச் சீட்டும்

நம் தமிழ்நாட்டு வழக்கில் ஒருவர்க்குப் பெயர் ஒன்றே. தந்தையார் பெயரின் முதலெழுத்து அதன்முன் நிற்கும், அவ்வளவே. அருணாசலத்தின் மகன் அ. சொக்கலிங்கம் எனப்படுவர், அவர்தம் மகன் 'சொ.' என்னும் எழுத்தைத் தாங்குவன். தலைமுறைதோறும் மாறாது தொடரும் குடிப்பெயர் இன்று நம்மிற் பெரும்பாலார்க்கு இல்லை. இது குறைவன்று. ஆயினும் அயல்நாடு செல்வார்க்கு இவ்வழக்கு விளைக்கும் இடர் சிறிதன்று.

பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படித்தற்கென 44 எழுத்திடங்கள் கொண்ட வரிகள் இரண்டு அச்சிடப்பெறுகின்றன. முதல் வரியில் பெயர்க்கு உரியன 39. அவ்விடத்தை முதன்மைப் பெயர், துணைப் பெயர் என இரு கூறாக வகுத்துள்ளது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. ஒரே பெயருடையார்க்கு முதன்மைக் கூறு மட்டும் போதும் என அவ்விதி இடந்தருகின்றது. இடந்தராதன சீட்டு வழங்கும் கணினிகளே. இரண்டு கட்டமும் நிரம்பினாலன்றி அவற்றுட் பல மேற்செல்லா. அமெரிக்க விசாவிலோ, ஒற்றைப் பெயர் குடிப்பெயர்க் கட்டத்திற் சென்றமர, மற்றையதில் 'எப்.என்.யு.' என்று பொறிப்பர். 'முதற்பெயர் அறியப்படவில்லை' என்பது அதன் பொருள். பெற்றோர் ஆராய்ந்து இட்ட பெயர் கண்ணெதிரே நிற்க, அறியப்படவில்லை என்பது வேடிக்கையே.

தந்தையார் பெயரைக் குடிப்பெயராக எழுதிவிடின் இவ்விடர் நீங்கும் என்பர். நீங்கும், ஆயின் வேறொன்று முளைக்கும். பாட்டனார் பெயர் தந்தைக்கும், தந்தை பெயர் மகனுக்கும், தன் தந்தை பெயரோ கணவர் பெயரோ மனைவிக்குமாக, ஒரு வீட்டில் மூவர்க்கு இரண்டு மூன்று குடிப்பெயர்கள் அமையும். 'இக்குழந்தை உம்முடையதோ?' எனக் குடியேற்ற அதிகாரி வினவுதலும் உண்டு. அன்றியும், நிலையத்து ஒலிபெருக்கி 'திருவாளர் அருணாசலம்' என்று கூவுங்கால், சிவபதம் எய்திய தந்தையாரை விமானம் ஏற அழைப்பது கேட்டு மகன் திகைப்பன்.

ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுடன் வருகை விசாவில் வருவாரை ஏற்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல் விதித்தது. பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருப்பின் ஏற்கலாம் என்னும் விளக்கம் சின்னாளிலேயே வந்தது. அவ்வாண்டு டிசம்பரில், மகள் மகவு ஈன்ற செய்தி கேட்டு யானும் என் மனையாளும் துபாய்க்குப் புறப்பட்டோம். சென்னை நிலையத்தில் எம் தாள்களைப் பார்த்த இளைஞர், 'ஐயா, தாங்கள் செல்லலாம். அம்மாவுக்கு ஒரு பெயரே உள்ளது, அவர் செல்ல இயலாது' என்று கூறிப் பெட்டிகளை ஒருபுறம் ஒதுக்கினார். முதல் அறிவிப்பு மட்டுமே அவர் அறிந்திருந்தார். என் மனையாள் ஒன்றும் பேசவில்லை. பேரப்பிள்ளைக்கெனத் தைத்த சட்டைகள் இருந்த பையை மட்டும் என் கையிற் கொடுத்தாள். அரைமணிக்குமேல் நின்றோம். பின்னர் வந்த மூத்த பெண் அலுவலர் ஒருவர், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஆங்குத் தந்தையார் பெயர் இருத்தல் கண்டு, கணினியில் விதியையும் படித்துப் பார்த்து, 'அம்மா, போய்ப் பேரப்பிள்ளையைப் பாருங்கள்' என்று விடுத்தார்.

இளைஞரை மிக நோதற்கில்லை. நுழைவு மறுக்கப்பெற்றவரைத் திரும்பக் கொணரும் பொறுப்பு அவரை ஏற்றிச் சென்ற நிறுவனத்தையே சாரும். தண்டம் விதிக்கும் நாடுகளும் பல. ஆதலின் விசா தருவது அரசேயாயினும், வாயிற்காவல் விமான நிறுவனத்தார் கையில் உள்ளது. ஆயினும் ஐயம் எழுந்தவிடத்து மறுத்துவிடுதல் எளிது. படித்துப் பார்த்தலன்றோ பணி? விதியின் அச்சுப்படி ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுதல் நலம்.

பெயரால் வரும் மயக்கம் வானத்திலும் விடுவதில்லை. 'இந்து உணவு' எனப் பல நிறுவனத்தார் குறிப்பது, எச்.என்.எம்.எல். என்னும் குறியுடையது, மாட்டிறைச்சி நீக்கிய உணவேயாம். ஆடும் கோழியும் மீனும் அதில் வரும். புலால் மறுத்த நம்மனோர் கேட்கற்பாலது ஏ.வி.எம்.எல்., அஃதாவது ஆசிய மரக்கறி உணவு. அதனையும் பெரும்பாலும் 24 மணி நேரம் முன்னரே கேட்டல் வேண்டும். எம் பக்கத்து இருக்கையில், நெற்றி நிறைய நீறணிந்த முதியவர் ஒருவர், 'இந்து' என்னும் சொல்லை நம்பிக் கேட்டுவைத்தவர், மூடியைத் திறந்தவுடனே மூடினார். பணிப்பெண் வருந்தி, மரக்கறித் தட்டு எஞ்சியிராமையால், ரொட்டியும் பழமும் தேடிக் கொணர்ந்தார். துபாய் சேருமளவும் அம்முதியவர் அதனையே சிறிது சிறிதாக உண்டுகொண்டிருந்தார்.