கல்லடிப் பாலத்தில் ஒரு காலை

மட்டக்களப்பு வாவியின் மேலே இரண்டு பாலங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று 1924இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம். மற்றது 2013இல் திறக்கப்பட்டது. பஸ்களும் லொறிகளும் புதியதில் போவதால் பழையதில் சற்று அமைதி.

அந்த அமைதிக்காகவே அந்தத் தாய் அவ்வழியே முன்பள்ளிக்கு வருகிறாள். இடுப்பில் ஒன்றரை வயது மகள். கைப்பிடியில் ஐந்து வயது மகன். அவனுக்கு ஓட்டிசம். ஹோன் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிடுவான். இரும்புச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத்தான் நடப்பான்.

"அவசரப்படுத்தினா நாள் முழுக்க அழுகைதான் மிஸ். அரை மணித்தியாலம் முந்தியே வெளிக்கிட்டிருவன்."

'அடித்து வளர்க்கவில்லை' என்று உறவினர்கள் அவளைக் குறைசொல்கிறார்கள். ஓட்டிசம் வளர்ப்பின் குறையல்ல. மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு.

வாவியில் ஒரு வள்ளம் போனது. சின்னவள் விரல் நீட்டிக் காட்டினாள். தாயின் கண் கலங்கியது.

"இவன் இந்த வயசில இப்பிடிக் காட்டவேயில்ல. எனக்கு அப்ப தெரியல்ல மிஸ்."

சகோதரிகளே, ஒன்றரை வயதாகியும் குழந்தை எதையும் சுட்டிக் காட்டாவிட்டால், பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டால், குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள். நேரத்தோடு தொடங்கும் பயிற்சி பிள்ளைக்குப் பெரும் உதவி.

மகன் அடுத்த சட்டத்தைத் தொட்டான். நாங்கள் காத்து நின்றோம்.