ஞாயிற்றுக்கு அஞ்சு படம்

ஸ்க்ராப்புக் செய்வம் எண்டு வெளிக்கிடுற கனபேருக்கு அந்த வேலை புத்தகக் கடையோடயே முடிஞ்சுபோகும். பிறிஸ்டல் போட், கலர் ரேப், ஸ்ரிக்கர், நாலு விதமான பேனை எல்லாம் வாங்கி மேசையில் பரப்பின பிறகு, முதல் பக்கத்தில் எதை ஒட்டுவது என்று தெரியாமல் மூடி வைத்துவிடுவார்கள். இணையத்தில் வரும் வீடியோக்களைப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் நூறு வருசத்தையும் ஒரு பின்னேரத்தில் ஒட்டி முடிக்கலாம் போலத்தான் இருக்கும். எங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து அரை மணித்தியாலத்திலேயே அது நடக்கிற காரியமில்லை எண்டு விளங்கிவிட்டது.

நாங்கள் மூன்று பேர், ஒரே அம்மம்மாவின் பேரப்பிள்ளைகள். பெட்டி தகரப்பெட்டி. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க வெளிக்கிட்டபோது சைக்கிள் கரியரில் கட்டி வந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கூப்பன் மட்டை எல்லாவற்றுக்கும் இடையில் படங்கள். எண்ணினோம், 143. அதில் அறுபதுக்கு மேற்பட்ட படங்களில் நிற்பவர்கள் ஆர் எண்டு எங்கள் அம்மாமாருக்கே தெரியாது. அம்மம்மாவுக்குத் தெரியும். அவவுக்கு வயது 84.

அவசரம் எங்களுக்குத்தான், அவவுக்கு இல்லை. முதல் ஞாயிறு ஐந்து படங்களுக்கு உற்சாகமாகக் கதை சொன்னவ, ஆறாவதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு "காணும் பிள்ளையள், மிச்சம் பிறகு பாப்பம்" எண்டு எழும்பி, கோழிக்கு அரிசி போடப் போய்விட்டா. அந்தப் படத்தில் இருந்தது அவவின் தம்பி. அதோடு அளவு தானாகவே முடிவாகிவிட்டது: ஒரு ஞாயிறு, அஞ்சு படம். அவ கேட்டால் ஒழிய ஆறாவது இல்லை.

வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கச் சொல்லும் ஆலோசனைகள் எல்லாம் எங்கட சோம்பலை மனதில் வைத்தே சொல்லப்படுகின்றன. ஆனால் இந்த மாதிரி வேலையில் எவ்வளவு தாங்கும் என்பதை நினைவு வைத்திருக்கிற ஆள்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஐந்து படத்தையும் சனிக்கிழமை இரவே ஒரு கடித உறையில் போட்டுவிடுவோம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போனில் படம் எடுத்து இலக்கம் போடுவோம். ஞாயிறு காலமை தேத்தண்ணிக்குப் பிறகு கதை. அம்மம்மா சம்மதித்தால் குரலையும் பதிவு செய்வோம். ஒட்டுவது கடைசி வேலை, அதுவும் அடுத்த கிழமைதான்.

"இது ஆர்?" எண்டு கேட்டால் ஒரு பேர்தான் வரும். "இந்தச் சீலை எங்க வாங்கினது?" எண்டு கேட்டுப் பாருங்கோ. ஒரு கலியாணப் படத்தில் மாப்பிள்ளை பொம்பிளையை விட்டுவிட்டு, ஓரத்தில் தட்டம் பிடித்துக்கொண்டு நின்ற பெட்டையைத்தான் அம்மம்மா முதலில் காட்டினா. அவவோட படித்தவவாம். அந்தச் சீலை இரவல் சீலை, குடுத்தது அம்மம்மா. முக்கால் மணித்தியாலம் அந்த ஒரு படத்தோடயே போய்விட்டது. மிச்ச நாலும் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிப்போயின. பரவாயில்லை.

ஒட்டுவதைப் பற்றியும் கொஞ்சம். படத்தின் முதுகில் பைண்டர் கம் பூசாதேங்கோ, நெளிந்துபோகும், பிறகு கழற்றவும் ஏலாது. கடுதாசியில் நாலு முக்கோணம் மடித்து மூலைகளைச் செருகினால் போதும். செலோரேப் வேண்டவே வேண்டாம். சில வருசத்தில் மஞ்சளாகிக் கறை விடும். பத்திரிகைத் துண்டு தானாகவே பழுத்து உடையும், அதால் போட்டோக் கொப்பி எடுத்து அதைத்தான் ஒட்டுகிறோம். பஸ்ஸில் மெஷினால் அடித்துத் தருகிற ரிக்கெற்றும் அப்படித்தான், எழுத்து மங்கி வெறும் தாள்தான் மிஞ்சும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் பின்னால் பென்சிலால் மெல்லமாகப் பேர் எழுதலாம். பிந்திய கலர்ப் படங்களில் பென்சில் பிடிக்காது, தனிச் சீட்டுத்தான். (எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873இல், ஏற்கெனவே பசை பூசிய ஸ்க்ராப்புக் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தவர். அந்த மனுசனுக்கும் கையெல்லாம் பசையாவது பிடிக்கவில்லைப் போல.)

1990க்கும் 1995க்கும் இடையில் எங்களிடம் நாலே நாலு படங்கள்தான். கரண்ட் இல்லை, தடையால் பற்றறிகூட வராத காலம். ஆர் படம் எடுக்கிறது? அந்த வருசங்களுக்கு எண்டு ஆறு பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம். அதில் எங்களுக்குள் சண்டை. ஒருவர் கோலம் கீறி நிரப்பலாம் எண்டா, மற்றவர் அம்மம்மா சொன்னதை எழுதலாம் எண்டார். அம்மம்மாவிடமே கேட்டோம். "வெறுமையா இருக்கட்டும்" எண்டா. அப்படியே கிடக்கு.

அம்மப்பாவின் முகம் தெளிவாக விழுந்தது ஒரே ஒரு படத்தில், அது அவரது அடையாள அட்டைக்கு எடுத்தது. அவர் செத்தபிறகு ஸ்ரூடியோவில் குடுத்துப் பெருப்பித்து, நீலத் திரை போட்டு, கோட்டும் மாட்டிவிட்டிருக்கினம். "அந்தாள் ஒருநாளும் கோட் போட்டதில்லை" எண்டு அம்மம்மா இப்பவும் சிரிப்பா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம், சின்னதும் பெரிசும்.

இதுவரை 61 படங்கள் முடிந்திருக்கின்றன. அம்மம்மாவுக்குச் சுகமில்லாத ஞாயிறுகளில் உறை திறக்கப்படாமலே அலுமாரிக்குத் திரும்பிப் போகும். அவவின் தம்பியின் படம் தனி உறையில் இருக்கிறது, அவ இன்னும் கேட்கவில்லை. இந்த ஞாயிறு உறையில், விறாந்தையில் ஒரு றேடியோவைச் சுத்தி ஆறு பேர் இருக்கிற படம் ஒன்று இருக்கு. றேடியோ ஆற்ற எண்டுதான் முதலில் கேட்கப்போறம்.